இஸ்கியெர்தா, எஷ்கெர்தா, எஸ்கெர்ரா: இடப்பக்கத்துக்குச் சொல் கொடுத்த மலைநாடு

பொருநைக்கரை எழுதியது:

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. லத்தீன் வேர் தெரிந்தால் பாதிச் சொற்கள் தாமாகவே பிடிபடும் என்றார்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. லத்தீனில் கை 'மனுஸ்', ஸ்பானிஷில் 'மனோ'. அங்கே தண்ணீர் 'அக்வா', இங்கே 'அகுவா'. வலது என்றால் 'தெரேச்சா'. 'நேரானது' என்று பொருள்படும் 'திரெக்துஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இடதுக்கு வந்தபோதுதான் நின்றுவிட்டேன். 'இஸ்கியெர்தா'. லத்தீனில் இடது 'சினிஸ்தெர்'. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அகராதியைத் திறந்தால் ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லை மலையோரத்தில் பேசும் பாஸ்க் மொழியின் 'எஸ்கெர்' என்ற சொல்லைக் காட்டுகிறது. அப்புறம் அக்கம்பக்கத்து மொழிகளையும் பார்த்தேன். போர்ச்சுகீசியத்தில் 'எஷ்கெர்தா', கலீசியத்தில் 'எஸ்கெர்தா', காத்தலானில் 'எஸ்கெர்ரா'. பிரனீஸ் மலையைத் தாண்டி, பிரான்சின் தெற்கில் பேசும் ஒக்சிதானிலும் 'எஸ்கெர்ரா' உண்டு. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பம் முழுக்க ஒரே சொல்!

கப்பலில் வந்து இறங்கும் பொருளோடு அதன் பெயரும் வந்து இறங்குவது இயல்பு. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் நமக்குப் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தவைதானே. ஆனால் இடதையும் வலதையும் அவர்களிடம் நாம் வாங்கவில்லை. கை இருக்கிற எவரிடமும் அந்தச் சொற்கள் முன்பே இருக்கும். ரோமப் பேரரசின் மொழியைப் பேசிய மக்கள், மலையோரத்தில் ஒரு சிறு கூட்டம் பேசிய மொழியிடம் போய் இடதுக்கு மட்டும் சொல் வாங்கியது ஏன்? வலதை ஏன் விட்டுவைத்தார்கள்? ஒரு வாரமாக இதுதான் மனதில் ஓடுகிறது.

சொல்லேருழவன் எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. விடையின் பாதி நம் இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது. தகுதி வழக்கில் 'மங்கலம்' படித்திருப்பீர்கள். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. இருட்டிய பிறகு பாம்பைப் 'பூச்சி' என்பார் என் பாட்டி. அம்மை கண்ட வீட்டில் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். அஞ்சுகிற பொருளின் பெயர் வாயில் நிற்காது. வேறொன்று வந்து உட்காரும். கொஞ்ச நாளில் அந்த இரண்டாவது பெயரிலும் அச்சம் ஏறிவிடும், அப்போது மூன்றாவதைத் தேடுவார்கள்.

ஐரோப்பாவில் இடதுக்கு நேர்ந்தது இதுதான். கிரேக்கர்கள் இடதை 'எவோனிமோஸ்' என்றார்கள். நற்பெயர் உடையது என்று பொருள். அவர்களின் இன்னொரு சொல் 'அரிஸ்தெரோஸ்', அதாவது மேலானது. சுடுகாட்டை நன்காடு என்ற அதே மனம்தான். பழைய ஆங்கிலத்தில் இடதுக்கு 'வினெஸ்ட்ரா' என்று இருந்தது, அதன் வேர் நண்பன் என்ற சொல். ஸ்வீடனில் இன்றும் அதன் உறவான 'வேன்ஸ்தெர்' வழங்குகிறது. ஆங்கிலத்தில் அது மறைந்து, 'வலுவற்ற' என்று பொருள்பட்ட 'லெப்ட்' வந்தது. பிரெஞ்சிலும் பழைய 'செனெஸ்த்ர்' போய் 'கோஷ்' வந்தது, அது 'கோணிப்போதல்' என்ற வினையோடு தொடர்புடையது. ருமேனியர்கள் 'களைத்தது' என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து 'ஸ்துங்' என்று ஆக்கிக்கொண்டார்கள். இத்தாலியர்கள்தான் 'சினிஸ்த்ரா'வை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

ரோமிலேயே 'சினிஸ்தெர்' தொடக்கத்தில் கெட்ட சொல் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பறவை பார்த்துக் குறி சொல்லும் ரோமப் பூசாரி தெற்கு நோக்கி நின்றால் கிழக்கு அவருக்கு இடப்பக்கம், அதனால் இடது நன்னிமித்தம். கிரேக்கர்கள் வடக்கு நோக்கி நின்றார்கள், அவர்களுக்கு வலதுதான் நல்லது. கிரேக்கப் பழக்கம் ரோமில் பரவப் பரவ இடது தீயதாகிவிட்டது.

ஸ்பெயினில் இதைக் கண்ணால் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. எல் சித் என்ற வீரனைப் பாடும் பழங்காப்பியத்தில், அரசன் நாடு கடத்தியதால் அவன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். பீபார் ஊரைத் தாண்டும்போது காகம் வலப்பக்கம் தென்படுகிறது. பூர்கோஸ் நகருக்குள் நுழையும்போது இடப்பக்கம். அதைப் பார்த்துத் தோளைக் குலுக்கிக்கொண்டு தலையை அசைக்கிறான். வலதுக்கு அங்கே வருவது 'தியெஸ்த்ரா', இடதுக்கு 'சினியெஸ்த்ரா'. அதாவது 1200 வாக்கிலும் காஸ்தீலியப் புலவனின் வாயில் லத்தீன் சொல்தான் இருந்திருக்கிறது (காஸ்தீலியம்தான் இன்று நாம் ஸ்பானிஷ் என்பது). அந்தச் சொல்லில் காகத்தின் நிழல் எப்படிப் படிந்தது என்பதையும் அதே வரிகளில் பார்த்துக்கொள்ளலாம். இன்று ஸ்பானிஷில் 'சினியெஸ்த்ரோ' என்றால் கேடானது, விபத்து. இடது என்ற பொருள் வழக்கிலிருந்து போய்விட்டது.

நெர்வியோன்வாசி எழுதியது:

நான் பில்பாவோவில் ஒன்பது ஆண்டாக இருக்கிறேன். மேலே ஐயா சொன்ன 'சினியெஸ்த்ரோ' எனக்கு எங்கே அறிமுகமானது தெரியுமா? காரில் பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டார். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய படிவத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. விபத்துக்கு ஒரு எண் கொடுப்பார்கள், அதன் பெயரும் 'சினியெஸ்த்ரோ எண்'தான். பழைய இடது இன்று குடியிருக்கும் இடங்களில் ஒன்று காப்பீட்டு அலுவலகம்.

பாஸ்க் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த மொழிக்கு உலகில் உயிரோடு உறவுமொழி எதுவும் இல்லை. லத்தீன் வருவதற்கு முன்பே இங்கே இருந்தது, இன்றும் இருக்கிறது. இடது 'எஸ்கெர்'. கடைசியில் சுட்டு சேரும்போது 'எஸ்கெர்ரா', அதில் றகரம் அழுத்தமாக உருளும். காத்தலான் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது.

எங்கள் ஊரில் நெர்வியோன் ஆற்றின் இடக்கரைக்கு ஸ்பானிஷில் 'மார்கென் இஸ்கியெர்தா', பாஸ்கில் 'எஸ்கெர்ரால்தெயா'. பரகால்தோ, செஸ்தாவோ, போர்துகலேத்தே என்று வரிசையாக ஆலைத்தொழிலாளர் ஊர்கள். 1902-இல் தொடங்கிய பெரிய இரும்பாலை அங்கேதான் இருந்தது, 1996-இல் மூடினார்கள். எதிர்க்கரையில் முதலாளிகளின் மாளிகைகள். இரண்டு கரைக்கும் நடுவே 1893-இல் கட்டிய பாலத்தில் தொங்கும் தொட்டி ஒன்று ஆளையும் காரையும் ஏற்றிக்கொண்டு ஆற்றின் மேலாகப் போய்வருகிறது. அந்தப் பக்கத்துப் பலகைகளில் இரு மொழியிலும் கரையின் பெயர் இருக்கும். இரண்டு பெயரிலும் உள்ள இடது ஒரே சொல் என்று எனக்கு உறைக்கவே இரண்டு வருடம் ஆனது.

பாஸ்க் வகுப்பில் நடந்த ஒன்று. நன்றி என்பதற்கு 'எஸ்கெர்ரிக் அஸ்கோ'. இந்த நன்றிக்கு எஸ் எழுத்து, இடதுக்கு இசட் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆனால் மொழியில் வேறு வேறு. எஸ் என்றால் நாக்கு நுனி மேலே தொடும். இசட் என்றால் நுனி கீழே கிடக்க, நாக்கின் தட்டையான பகுதி மேலே போகும். நான் ஆசிரியைக்கு நன்றிக் குறிப்பு எழுதும்போது இசட் போட்டுவிட்டேன். 'நிறைய இடதுகள்' என்று ஆகிவிட்டது! அவர் சிரிக்கவில்லை. அந்த எழுத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இங்கே பிஸ்காயாவில் பிறந்த பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள்" என்றார். மேற்குப் பகுதிப் பேச்சில் இரண்டு ஒலியும் கலந்துவிட்டதாம். கிழக்கே போனால் தெளிவாகப் பிரித்துச் சொல்வார்கள்.

கேள்விக்குறி எழுதியது:

சொல்லேருழவன் ஐயா, மங்கல வழக்கு என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு நிறைவு இல்லை. இடதைப் பற்றிய அச்சம் உலகம் முழுக்க இருக்கிறது. இத்தாலியர்களுக்கு மட்டும் அது இல்லையா என்ன? அவர்கள் 'சினிஸ்த்ரா'வை வைத்துக்கொண்டு நன்றாகத்தானே வாழ்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பழையதை விட்டார்கள், ஆனால் தங்களிடம் முன்பே இருந்த ஒரு வினையிலிருந்து புதியதைச் செய்துகொண்டார்கள். அச்சம் ஒரு சொல்லை விரட்டலாம், சரி. புதிய சொல் எங்கிருந்து வரவேண்டும் என்று அது சொல்லாதே? லத்தீனிலேயே 'லேவுஸ்' என்று இன்னொரு சொல் இடதுக்கு இருந்ததே, அதை எடுத்திருக்கலாமே?

இன்னொன்று. பாஸ்க் நிலத்திலிருந்து லிஸ்பன் எவ்வளவு தூரம்! காஸ்தீலியருக்குப் பாஸ்க் மக்கள் அண்டை வீட்டார், அவர்கள் வாங்கியது புரிகிறது. போர்ச்சுகீசியர் எப்படி வாங்கினார்கள்? ஒருவேளை சொல் பாஸ்க்கிடமிருந்து போகவே இல்லையோ? ரோமர்களுக்கு முன் தீபகற்பம் முழுக்க வழங்கிய ஏதோ பழைய மொழியின் சொல், பாஸ்க் உட்பட எல்லாரிடமும் தங்கிவிட்டது என்றும் சொல்லலாமே?

சொல்லேருழவன் எழுதியது:

முதல் கேள்விக்கு ஒப்புக்கொள்கிறேன். அச்சம் இடத்தைக் காலி செய்யும், அங்கே யார் குடிவருவார் என்பதைப் பக்கத்து வீடு முடிவு செய்யும். அந்நியச் சொல்லுக்கு ஒரு தனி வசதி உண்டு, அதில் அழுக்கு ஒட்டியிருக்காது. நம் வீட்டிலேயே பாருங்கள், நாலு பேர் நடுவில் எழும்போது 'பாத்ரூம் போயிட்டு வரேன்' என்கிறோம். தமிழில் சொல் இல்லாமலா? சொல்ல வாய் கூசுகிறது. பாஸ்க் பேசும் குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த காஸ்தீலிய உழவனுக்கு 'எஸ்கெர்' அப்படித்தான் வந்திருக்கும். காகமும் இல்லை, குறியும் இல்லை, வெறும் பக்கம்.

இரண்டாவதற்கு ஒலியைக் கேட்கவேண்டும். லத்தீனின் குறில் எகரம், அழுத்தம் விழும் இடத்தில் காஸ்தீலியத்தில் 'இயெ' என்று உடைந்துவிடும். நிலம் லத்தீனில் 'தெர்ரா', காஸ்தீலியத்தில் 'தியெர்ரா'. கல் 'பெத்ரா', அது 'பியெத்ரா'. ஏழு 'செப்தெம்', அது 'சியெதே'. போர்ச்சுகீசியத்திலும் காத்தலானிலும் இந்த உடைவு இல்லை, 'தெர்ரா', 'பெத்ரா' அப்படியே நிற்கும். இப்போது நம் சொல்லை வையுங்கள். காஸ்தீலியம் 'இஸ்கியெர்தா', போர்ச்சுகீசியம் 'எஷ்கெர்தா', காத்தலான் 'எஸ்கெர்ரா'. தியெர்ரா, தெர்ரா, தெர்ரா போலவே! அந்த உடைவு நடந்த காலத்திலேயே சொல் காஸ்தீலியர் வாயில் இருந்திருக்கிறது. அது நிகழ்ந்துவிட்டதற்குக் கண்கண்ட சாட்சி சான் மில்லான் மடத்துச் சுவடி. லத்தீன் நூலின் ஓரத்திலும் வரிகளுக்கு இடையிலும் ஒரு துறவி தன் பேச்சுமொழியில் பொருள் எழுதிவைத்தார், ஆயிரம் ஆண்டுப் பழசு. 'வைத்திருக்கிறான்' என்பதற்கு அங்கே 'தியெனெத்' என்று வருகிறது. இன்னும் சுவையானது, அதே சுவடியில் இரண்டு குறிப்புகள் பாஸ்க் மொழியில் இருக்கின்றன. ஒரே தாளில் இரு மொழியும் உட்கார்ந்திருக்கும்போது சொல் தாவ எவ்வளவு நேரம் ஆகும்?

காஸ்தீலியத்தில் இசட் எழுத்து வந்திருப்பதையும் கவனியுங்கள். பாஸ்க்கின் எஸ் காஸ்தீலியரின் எஸ் போலவே நாக்கு நுனியில் பிறப்பது. பாஸ்க்கின் இசட் அப்படி இல்லை, அதனால் பழைய காஸ்தீலியர் அதை வேறு ஒலியாகக் கேட்டு வேறு எழுத்தில் எழுதினார்கள். நெர்வியோன்வாசியின் ஆசிரியை வட்டமிட்ட அந்த எழுத்துதான் இன்றும் ஸ்பானிஷ் சொல்லின் உள்ளே நிற்கிறது.

தேஜோக்கரை எழுதியது:

லிஸ்பனிலிருந்து ஒரு குறுக்குச்சால், ஐயா. 'தெர்ரா'வும் 'எஷ்கெர்தா'வும் ஒரே தடத்தில் வந்தவை என்றீர்கள். தமிழ் எழுத்தில் அப்படித்தான் தெரியும், காதில் அப்படி இல்லை. போர்ச்சுகீசியத்தில் எகரம் இரண்டு வகை. வாய் அகலத் திறந்து சொல்வது ஒன்று, குறுக்கிச் சொல்வது ஒன்று. லத்தீன் குறில் எகரத்திலிருந்து வந்த 'தெர்ரா', 'பெத்ரா', 'செத்தே' எல்லாவற்றிலும் திறந்த எகரம். 'எஷ்கெர்தா'வில் குறுகிய எகரம். மார்க்கெட்டில் இருபது ஆண்டாகக் கேட்கிறேன், ஒருவர்கூட மாற்றிச் சொன்னதில்லை. ஆக, எங்கள் சொல் அந்தப் பழைய தடத்தில் வரவில்லை.

றகரம் ரெண்டானது இன்னொரு துப்பு. பாஸ்கில் 'ர்ர', காத்தலானில் 'ர்ர', ஒக்சிதானிலும் அதே. 'ர்த' என்று மாறியது காஸ்தீலியத்திலும் போர்ச்சுகீசியப் பக்கத்திலும்தான். இரண்டு பேர் தனித்தனியாகப் பாஸ்க்கிடம் வாங்கி, தனித்தனியாக ஒரே மாற்றத்தைச் செய்தார்கள் என்பதை நம்ப எனக்குக் கஷ்டம். நடுநாட்டில் 'ர்த' ஆன பிறகு அது மேற்கே நடந்து வந்திருக்கிறது. கேள்விக்குறியின் பழைய தீபகற்ப மொழி என்ற யோசனைக்கும் இது இடிக்கும். அப்படி இருந்தால் லிஸ்பன் பக்கம் வேறு உருவத்தில் எங்காவது மிஞ்சியிருக்கவேண்டும்.

போர்ச்சுகலில் இந்தச் சொல்லைத் தினமும் எழுதாத ஆள் கிடையாது. அடுக்குமாடி முகவரியில் மாடி எண்ணுக்குப் பிறகு 'எஷ்க்' என்று சுருக்கி எழுதுவார்கள். படியேறி வந்து நிற்பவருக்கு இடப்பக்கத்து வீடு. வலப்பக்க வீட்டுக்கு 'திரெய்த்து'. நான் குடிவந்த முதல் மாதத்தில் என் பார்சல் மூன்று முறை எதிர்வீட்டுக்குப் போனது. படிவத்தில் அந்த மூன்று எழுத்தை நான் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மா மூன்றாவது முறை கொண்டுவந்து கொடுத்தபோது, என் அழைப்புமணிப் பலகையில் தன் பேனாவாலேயே 'எஷ்க்' என்று எழுதிவிட்டுப் போனார்.

அச்சத்தைப் பற்றியும் ஒன்று. இங்கே இடதுகைப் பழக்கக்காரருக்குச் சொல் வேறு, 'கன்யோத்து'. அது பிசாசுக்கும் பட்டப்பெயர். கெட்டது காதில் விழுந்தால் 'க்ரூஸெஷ், கன்யோத்து!' என்பார்கள் வயதானவர்கள். சிலுவையை முன்னால் நீட்டி இடங்கையனை விரட்டுகிறார்கள். எனவே சொல்லேருழவன் ஐயா சொன்ன அச்சத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்விக்குறி எழுதியது:

அந்தக் குறுகிய எகரம் அருமையான சான்று. என் பழைய தீபகற்ப மொழி யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நடுநாட்டில் பாஸ்க் மக்கள் அத்தனை பேர் இருந்தார்களா என்பதுதான் மிச்சம்.

நெர்வியோன்வாசி எழுதியது:

இருந்தார்கள். ரியோஹாவும் பூர்கோஸும் இன்று முழுக்க ஸ்பானிஷ் பேசும் நிலம். ஆனால் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். ரியோஹாவின் மலைப்பள்ளத்தாக்கில் எஸ்கராய் என்று ஓர் ஊர், பாஸ்கில் உயர்ந்த பாறை என்று பொருள் சொல்வார்கள். அதற்குக் கீழே ஓஹாகாஸ்த்ரோ. 13-ஆம் நூற்றாண்டில் அந்த ஊரார் வழக்குமன்றத்தில் பாஸ்கிலேயே சாட்சி சொல்ல உரிமை பெற்றிருந்தார்கள், அதற்குப் பதிவு இருக்கிறது. அரபு ஆட்சியிடமிருந்து தெற்கே நிலத்தை மீட்டு ஆள் குடியேற்றியபோது பாஸ்க் குடும்பங்களும் கூடவே இறங்கின. காஸ்தீலியம் பிறந்த தொட்டிலும் பாஸ்க் மலையின் அடிவாரமும் ஒட்டினாற்போல இருக்கின்றன. சான் மில்லான் மடமும் ஓஹாகாஸ்த்ரோவும் ரியோஹாவின் ஒரே மலைத்தொடரில்தான். நான் போன கோடையில் இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆட்பெயரிலும் இது கிடக்கிறது. 'எஸ்கெர்ரா', 'இஸ்கியெர்தோ' இரண்டும் இன்று குடும்பப் பெயர்கள். எந்த முன்னோரோ இடதுகைக்காரராக இருந்திருப்பார்.

அகரமுதல எழுதியது:

எஸ்கெர் பாஸ்க்கிலேயே எப்படிப் பிறந்தது என்று யாரும் சொல்லவில்லையே? கை பாஸ்கில் 'எஸ்கு'. கோணல், தப்பு என்பதற்கு 'ஓகெர்'. எஸ்கு, ஓகெர் இரண்டும் சேர்ந்து எஸ்கெர். கோணல் கை! பல இடங்களில் இப்படிப் படித்திருக்கிறேன்.

நெர்வியோன்வாசி எழுதியது:

என் ஆசிரியையிடம் இதைத்தான் நானும் கேட்டேன். அவர் மறுபடி சிவப்பு மையை எடுத்தார். கை என்ற 'எஸ்கு'வில் எஸ். இடதில் இசட். இரண்டு ஒலியையும் பிரித்துச் சொல்லும் கிழக்குப் பேச்சிலும் கை எஸ்ஸோடும் இடது இசட்டோடும்தான் இருக்கிறது. கையிலிருந்து இடது பிறந்திருந்தால் அந்த ஒலி ஏன் மாறவேண்டும்? வலது மட்டும் தெளிவாகக் கையிலிருந்து வந்தது. ஊருக்கு ஊர் 'எஸ்குயின்', 'எஸ்குமா', 'எஸ்குபி' என்பார்கள், எல்லாவற்றிலும் எஸ். இதில் இன்னொன்றும் தெரிகிறது, வலதின் பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது, இடது மட்டும் எங்கும் ஒன்றே. பழைய சொல் அது. பழைய பாஸ்க்கின் ஒலியமைப்பை மீட்டெடுத்த கோல்தோ மிச்செலேனாவின் வழியில் போகிறவர்கள், இப்படி ஒட்டுப்போட்ட பிறப்புக்கதைகளை எளிதில் ஏற்பதில்லை.

சொல்லேருழவன் எழுதியது:

கை என்றதும் இருலேகி கை நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் போக மனமில்லை. 2021-இல் பம்ப்லோனா பக்கத்தில் இருலேகி மலையில் அகழ்ந்தபோது கை வடிவத்தில் வெட்டிய வெண்கலத் தகடு கிடைத்தது. பதினான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். துடைத்துப் பார்த்தபோது அதில் எழுத்து. கி.மு. 1-ஆம் நூற்றாண்டு. 2022 நவம்பரில் உலகுக்குச் சொன்னார்கள். முதல் சொல்லை 'சொரியொனெகு' என்று படித்து, இன்றைய பாஸ்க்கில் நல்வாய்ப்பு என்று பொருள்படும் 'சொரியோனெகோ'வோடு ஒப்பிட்டார்கள். அந்த வாசிப்பின் மேல் வாதம் இன்னும் நடக்கிறது. விரல்கள் கீழ்நோக்க, வீட்டு வாசலில் ஆணியடித்து மாட்டியிருந்த தகடு அது.

நான் இதைச் சொல்லக் காரணம் 'சொரி' என்ற பகுதி. பாஸ்கில் அது நிமித்தம், விதி. அதன் இரட்டைப் பிள்ளை 'ச்சோரி', அதற்குப் பறவை என்று பொருள். பறவையும் குறியும் ஒரே சொல்! பூர்கோஸ் வாசலில் எல் சித்தின் இடப்பக்கம் பறந்த காகத்துக்கு மலைமக்களிடமும் மதிப்பு இருந்திருக்கிறது. வாசலில் மாட்டிய அந்த நல்வாய்ப்புக் கை வலது கை.

அகரமுதல எழுதியது:

படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் ஐயா. கோணல் கையை விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் 'பீச்சாங்கை', 'நொட்டாங்கை' என்ற சொற்களும் இதே வகைதானோ? சோற்றுக்கை என்று வலதுக்குப் பெருமை, இடதுக்கு இந்தப் பெயர்.

கேள்விக்குறி எழுதியது:

அச்சம் என்பதைவிட அருவருப்பு அது, இடக்கரடக்கல் கணக்கில் வரும். ஒரு வித்தியாசத்தையும் பாருங்கள். நம்மிடம் வழக்குச்சொல் எத்தனை வந்தாலும் 'இடது' அசையவே இல்லை. மலையாளத்தில் இடது, கன்னடத்தில் எட, தெலுங்கில் எடம. தெலுங்கில் மாறியது வலதுதான், அங்கே 'குடி' என்கிறார்கள். ஆக, அச்சம் இருந்தால் சொல் போயே தீரும் என்று விதி எழுதவேண்டாம்.

ராம்ப்லாவீதி எழுதியது:

தாமதமாக வந்துவிட்டேன், பார்சலோனாவிலிருந்து. காத்தலான் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை.

இங்கே 'எஸ்கெர்ரா' என்றாலே பலருக்கு முதலில் கட்சிதான் ஞாபகம் வரும். 1931 மார்ச்சில் தொடங்கிய காத்தலான் குடியரசு இடதுசாரிக் கட்சியை முழுப்பெயர் சொல்லாமல் 'எஸ்கெர்ரா' என்றே கூப்பிடுகிறார்கள். ஸ்பெயின் அளவில் 1986-இல் 'இஸ்கியெர்தா உனிதா', போர்ச்சுகலில் 1999-இல் 'ப்லோக்கு தெ எஷ்கெர்தா'. பாஸ்க் நாட்டில் தேசிய இடதுசாரிகளை 'எஸ்கெர் அபெர்த்சாலெயா' என்பார்கள். இடதுக்கு அரசியல் பொருள் வந்தது 1789-இல் பிரெஞ்சு மன்றத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து. ஆக, பாஸ்க் மலையிலிருந்து இறங்கிய சொல் ஊரெல்லாம் சுற்றி, பிரான்ஸ் கொடுத்த பொருளையும் மடியில் கட்டிக்கொண்டு, தன் தாய்வீட்டுச் சொல்லிடமே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நான் குடியிருக்கும் பேட்டையின் பெயரிலும் அது உண்டு. எய்ஷாம்ப்ல என்ற கட்டம் கட்டமான நகர்ப்பகுதியைப் பால்மெஸ் வீதி இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பாதி 'த்ரெதா', இன்னொன்று 'எஸ்கெர்ரா'. கடலுக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நின்றால்தான் கணக்குச் சரியாக வரும். நெர்வியோன்வாசி சொன்ன இடக்கரைக்கு ஆறு ஓடும் திசையை, அதாவது கடலைப் பார்த்து நிற்கவேண்டும். அங்கே அப்படி, இங்கே இப்படி. ரோமப் பூசாரியும் கிரேக்கரும் எந்தப் பக்கம் நோக்கி நின்றார்கள் என்று மேலே படித்தபோது எங்கள் பேட்டைதான் கண்முன் வந்தது.

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி, எஸ் எழுத்து போட்ட நன்றி. ஒரு வாரக் குழப்பம் தீர்ந்தது. பழைய சொல்லில் காகம் வந்து உட்கார்ந்தது, பக்கத்து மலையில் காகம் படாத சொல் ஒன்று இருந்தது, குடியேறியவர்கள் அதைத் தெற்கே கொண்டுபோனார்கள், அப்புறம் அது மேற்கே நடந்தது. வலதுக்குப் பயம் இல்லாததால் அதற்கு மலையேற வேண்டிய தேவை வரவில்லை, லத்தீன் வீட்டுக்குள்ளேயே 'தியெஸ்த்ரா' போய் 'தெரேச்சா' வந்து ஆள் மாறிக்கொண்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்பானிஷில் ஒருவர் சிடுசிடுவென்று இருந்தால் 'இடது காலில் எழுந்திருக்கிறார்' என்கிறார்கள். அங்கே வருவது 'இஸ்கியெர்தோ'தான். புதிய சொல்லிலும் காகம் உட்கார்ந்துவிட்டதோ? இன்னொரு முறை மாறுமா?

தேஜோக்கரை எழுதியது:

போர்ச்சுகீசியத்திலும் அதே இடது கால்தான், குறுகிய எகரத்தோடு.

ராம்ப்லாவீதி எழுதியது:

காத்தலானிலும் உண்டு. ஆனால் உட்கார்ந்த காகம் எழுந்து பறந்த இடமும் ஒன்று உண்டு, பொருநைக்கரை. ஸ்பானிஷில் 'தெனேர் மனோ இஸ்கியெர்தா' என்று கேட்டிருப்பீர்களா? இடது கை இருக்கிறது என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் போன மாதம் இரண்டு பேருக்குள் பெரிய சண்டை. கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மா ஒருவர் இருவரையும் காபிக்குக் கூட்டிப்போய், யார் பக்கமும் சாயாமல் பேசி, அரைமணி நேரத்தில் சிரிக்கவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார். பக்கத்து மேசைக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பார், அவருக்கு இடது கை இருக்கிறது."